எந்தச் சாவடியின் தாள் கையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் முடிவுகளைக் குடிமக்கள் தாங்களே சரிபார்க்கும் முயற்சிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் இரண்டு இடங்களில் இடறுகிறது. அதிகாரபூர்வ முடிவுக்குப் பக்கத்தில் குடிமக்கள் தனியாகப் போடும் இணைக் கணக்கை எக்ஸிட் போலின் பெரிய வடிவம் போல எழுதியிருக்கிறார்கள். தன்னார்வலர்களும் சாவடி முடிவுத் தாள்களின் படங்களும் கூடக்கூட முடிவு தானே துல்லியமாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். முதலாவது தவறான விளக்கம், அவ்வளவுதான். இரண்டாவதை நம்பி இறங்குபவர்கள் தேர்தல் இரவில் கையைச் சுட்டுக்கொள்வார்கள்.

எக்ஸிட் போலில் வாக்களித்து வெளியே வருபவரை நிறுத்தி யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். அவர் பயந்து மாற்றிச் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். இணைக் கணக்கில் வாக்காளரிடம் ஒரு கேள்வியும் கிடையாது. வாக்குச்சாவடியில் எண்ணி முடித்து, அதிகாரியும் முகவர்களும் கையெழுத்திட்ட முடிவுத் தாள்தான் மூலப்பொருள். அந்தத் தாள்களில் உள்ள எண்களைக் கூட்டினால் மேலே அறிவிக்கப்பட்ட மொத்தம் வருகிறதா என்பது ஒன்றே கேள்வி. தில்லுமுல்லு பெரும்பாலும் சாவடிக்கும் தலைமையகத்துக்கும் இடைப்பட்ட வழியில்தான் நடக்கிறது. சாவடியில் பல கண்கள் பார்க்கின்றன. தொகுக்கும் அறையில் சிலர்தான் இருக்கிறார்கள்.

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு சாவடித் தாள்களின் நகல்களைக் கொண்டு தனியாகக் கூட்டிவந்தது. அதில் எதிரணி வேட்பாளர் கொரசோன் அக்கினோ முன்னிலையில் இருக்க, தேர்தல் ஆணையத்தின் பலகையில் அப்போதைய அதிபர் மார்க்கோஸ் முன்னிலையில் இருந்தார். ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர், தாங்கள் உள்ளிடும் எண்களும் பலகையில் தெரியும் எண்களும் பொருந்தவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். நாம்ஃப்ரெலுக்கு எல்லாச் சாவடித் தாள்களும் வந்து சேரவில்லை. ஆனால் வந்தவை ஒவ்வொன்றுக்கும் சாவடி எண் உண்டு, நகல் உண்டு. அதுதான் அந்தக் கணக்குக்குப் பலம். சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசே தொடரலாமா, வேண்டாமா என்று கேட்ட 1988 அக்டோபர் 5 வாக்கெடுப்பிலும் எதிரணியினர் சாவடி மேசைகளிலிருந்தே எண்களைத் திரட்டிவைத்திருந்தார்கள். அரசு முடிவை இழுத்தடித்த அந்த இரவில், ராணுவ ஆட்சிக் குழுவில் இருந்த விமானப் படைத் தளபதி மத்தேயியே 'வேண்டாம்' தரப்பு வென்றுவிட்டது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். வெளியே இன்னொரு கணக்கு தயாராக இருக்கும்போது பொய்க் கணக்கு சொல்வது கடினம்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பதினாயிரக்கணக்கான சாவடிகள் உள்ள நாட்டில் எத்தனையின் தாள்கள் வேண்டும்? குலுக்கல் முறையில் எடுத்தால் சில நூறு போதும். ஒரு வேட்பாளர் பெறும் விழுக்காடு சாவடிக்குச் சாவடி மாறும். அந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது திட்ட விலக்கத்தை, 20 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 சாவடிகளைக் குலுக்கி எடுத்தால், 400-இன் வர்க்கமூலமான 20-ஆல் 20-ஐ வகுக்க 1 புள்ளி வரும். நூற்றுக்கு 95 முறை பொருந்தும் பிழை வரம்பு ஏறத்தாழ அதன் இரு மடங்கு, அதாவது முன்பின் 2 புள்ளி. அதை 1 புள்ளியாகக் குறைக்க 1,600 சாவடிகள் வேண்டும். நான்கு மடங்கு உழைத்தால் பிழை பாதியாகும். நாட்டில் மொத்தம் 20,000 சாவடிகளா, ஒரு லட்சமா என்பது இந்தக் கணக்கை அநேகமாகப் பாதிப்பதில்லை. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. 400 சாவடிகளில் 2 லட்சம் வாக்குகள் இருக்கின்றன, ஆகவே பிழை 0.2 புள்ளிதான் என்று அறிவித்துவிடுவார்கள். ஒரே சாவடியில் வாக்களிப்பவர்கள் ஒரே தெருக்காரர்கள், ஒருவர் போக்கு மற்றவர் போக்கை ஒத்திருக்கும். எனவே எண்ண வேண்டிய அலகு சாவடி. வாக்கை அலகாகக் கொண்டால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கிவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். வந்த தாள்களை வந்த வரிசையில் சேர்ப்பது கிளறாத பானை. நகரத்துச் சாவடிகளில் சிக்னல் உண்டு, சாலை உண்டு, தன்னார்வலர்களும் நிறைய. அங்கிருந்து முதல் இரண்டு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் படங்கள் குவியும். மலைப்பகுதித் தாள் மறுநாள்தான் வரும். இப்படிச் சேர்ந்த 15,000 தாள்களைவிட முறையாகக் குலுக்கிய 400 தாள்கள் நம்பத்தக்கவை. இதைச் சொன்னால் தன்னார்வலர் குழுக்களில் பலருக்குக் கோபம் வரும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குலுக்கல் வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முதலில் வேண்டியது சாவடி எண்களோடு கூடிய முழுப் பட்டியல். பட்டியலில் இரட்டிப்பும் விடுபட்டவையும் இல்லை என்று பார்த்தபின், மாவட்டம் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதன் அளவுக்கேற்ப எடுக்கலாம். கணினி எந்தச் சாவடிகளை எடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை யாரோ ஒருவர் கணினியில் தனியாக உருவாக்கினால் பின்னால் சந்தேகம் வரும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தேர்தலுக்குப் பிந்தைய தணிக்கைக்குப் பத்து முகப் பகடையைப் பொதுமக்கள் முன்னிலையில் உருட்டி, 20 இலக்கத் தொடக்க எண்ணை எடுக்கிறார்கள். அதே உத்தி இங்கும் செல்லும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: தேர்ந்த சாவடிகளின் பட்டியல் எண்ணிக்கை முடியும்வரை வெளியே போகக் கூடாது. போனால் அந்த 400 சாவடிகளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும், விளையாட்டு வேறு இடத்தில் நடக்கும். அல்லது அங்கு நிற்கும் பார்வையாளர்கள் மிரட்டப்படுவார்கள். அதனால் பட்டியலை முத்திரையிட்டு மூன்றாவது தரப்பிடம் வைத்துவிட்டு, பின்னர் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பது வழக்கம்.

சாவடியில் நிற்பவருக்கான வேலை எளியதுதான், ஆனால் எந்தப் படியும் விடுபடக் கூடாது. திறப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டும். பெட்டி காலியாக இருப்பதையோ இயந்திரத்தில் பூஜ்யம் காட்டுவதையோ கண்ணால் பார்க்க வேண்டும். இருவர் போவது நல்லது, ஏனென்றால் ஒருவர் வெளியே போகும் பத்து நிமிடம்தான் பிறகு கேள்விக்குள்ளாகும். எண்ணி முடித்ததும் தாளில் உள்ளபடி எண்ணாலும் எழுத்தாலும் தன் படிவத்தில் எழுதிக்கொண்டு, அதிகாரியிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டிச் சரிபார்க்க வேண்டும். படம் எடுக்க அனுமதி உள்ள இடங்களில் தாளின் நான்கு மூலைகளும், சாவடி எண்ணும், முத்திரையும், கையெழுத்துகளும் ஒரே படத்தில் விழ வேண்டும். எண்கள் உள்ள பகுதியை அருகில் வைத்து இன்னொன்று. இரவில் ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாகி, வேண்டிய எண்ணே மறையும். ஃபிளாஷை அணைத்துவிட்டு இன்னொருவர் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரம் முதலிய தகவல்களும் அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். மூலப் படத்தைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

எண்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும்போது தவறு தானாக மாட்டிக்கொள்ளும்படி வடிவமைப்பது அவசியம். அ 132, ஆ 87, இ 4, செல்லாதவை 6, மொத்தம் 229 என்று வந்தால் கூட்டல் சரி, ஏற்றுக்கொள்ளலாம். மொத்தம் 292 என்று வந்தால் செய்தியைப் பெறும் கணினியே திருப்பி அனுப்பும். கணக்கில் 63 உதைக்கிறது. 63 என்பது 9-ஆல் மீதியின்றி வகுபடும் எண். வேறுபாடு அப்படி வகுபட்டால் பெரும்பாலும் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருப்பார்கள். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். கார்பன் நகலின் கடைசித் தாளில் 3-உம் 8-உம், 1-உம் 7-உம், 0-உம் 6-உம் ஒன்றுபோலத் தெரியும், எழுத்தால் எழுதிய பகுதியைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு வேட்பாளரின் எண் அடுத்த வேட்பாளரின் வரிசையில் விழுவதும் சகஜம். இதில் மொத்தம் மாறாததால் கூட்டல் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் ஒரே தாளை இருவர், ஒருவர் பதிந்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே பதிவிட வேண்டும் என்கிறோம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தாள் மூன்றாமவரிடம் போகும்.

தொகுக்கும்போது சாவடி விழுக்காடுகளின் சராசரியை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 100 வாக்குள்ள சாவடியில் 80 விழுக்காடு, 900 வாக்குள்ள சாவடியில் 40 விழுக்காடு என்றால் சராசரி 60. உண்மையில் 80-உம் 360-உம் சேர்ந்து 1,000-த்தில் 440, அதாவது 44 விழுக்காடு. வாக்குகளைக் கூட்டி வாக்குகளால் வகுங்கள்.

வராத தாள்கள்தான் இந்த வேலையின் பெரிய தலைவலி. 400-இல் 60 வரவில்லை என்றால் 15 விழுக்காடு. வராதவை பெரும்பாலும் எட்டாத இடங்கள், அல்லது பார்வையாளரை வெளியே தள்ளிய இடங்கள். அந்த 60-இல் ஒருவரின் ஆதரவு மற்ற இடங்களைவிட 20 புள்ளி வேறுபட்டால் மொத்தக் கணக்கு 3 புள்ளி சாயும். பிழை வரம்பு 2 புள்ளி என்று மார்தட்டியது அங்கேயே செத்துப்போகும். அதற்காகப் பக்கத்துச் சாவடியின் தாளை எடுத்து ஓட்டையை அடைப்பது மகாதவறு, அது குலுக்கலையே கெடுத்துவிடும். எந்த 60, எந்த மாவட்டம், ஏன் வரவில்லை என்று பட்டியலாக வெளியிடுவதுதான் நேர்மை.

மாதிரிக் கணக்கு மொத்தம் நம்பத்தக்கதா என்று சொல்லும். எந்தச் சாவடியின் எண் மாற்றப்பட்டது என்று அதனால் காட்ட முடியாது. வழக்காடு மன்றத்துக்குப் போவதென்றால் தாள்களே வேண்டும். மலாவியில் 2019 மே தேர்தலை அரசமைப்பு நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ரத்து செய்தபோது, முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மையால் அழித்து மாற்றியிருந்தது முக்கியச் சான்றாக நின்றது. இதை எந்தப் புள்ளியியலும் பிடித்துத் தந்திருக்காது.

முழுத் தாள்களையும் திரட்டும் வழிக்கு இந்தோனேசியா நல்ல முன்மாதிரி. 2014 அதிபர் தேர்தலில் இரு வேட்பாளர்களும் தாமே வென்றதாக அறிவித்தார்கள், இருவர் கையிலும் அவரவருக்குச் சாதகமான துரிதக் கணக்கு, அதாவது மாதிரிச் சாவடிகளை வைத்து அன்றே போட்ட கணக்கு, இருந்தது. தேர்தல் ஆணையம் கிட்டத்தட்ட 4.8 லட்சம் சாவடிகளின் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டதும், சுமார் 700 தன்னார்வலர்கள் 'காவல் பெமிலு' என்ற பெயரில் அவற்றைப் பார்த்து எண்களைப் பதிவிட்டார்கள். அவர்கள் கண்ட மொத்தம் பின்னர் வந்த அதிகாரபூர்வ முடிவோடு ஒத்துப்போனது. கென்யாவில் 2022-இல் 46,229 சாவடிகளின் முடிவுத் தாள்களான 34ஏ படிவங்களுக்கும் அப்படி ஒரு பொது வாசல் திறந்தது. அங்கே வேறொரு பாடமும் கிடைத்தது. ஊடக நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசையில் படிவங்களைக் கூட்ட, ஒரே நேரத்தில் வெவ்வேறு தொலைக்காட்சிகளில் வெவ்வேறு முன்னிலை ஓடியது. எண்களில் தவறில்லை, வரிசைதான் வேறு. பார்க்கும் மக்களுக்கு அது மோசடி போலத்தான் தெரியும்.

குலுக்கல் இல்லாமல் திரட்டிய தாள்கள் எப்போது போதுமானவை? விடுபட்டவை எல்லாம் எதிரிக்கே போனாலும் முடிவு மாறாது என்னும் நிலையில். வெனிசுவேலாவில் 2024 ஜூலை 28 தேர்தலில் ஆணையம் மதுரோ வென்றதாக அறிவித்தது, மேசைவாரி எண்களை வெளியிடவில்லை. எதிரணி தன் சாவடி சாட்சிகள் வழியே இயந்திரம் அச்சிட்ட, கையெழுத்தும் கியூஆர் குறியீடும் கொண்ட தாள்களை 80 விழுக்காட்டுக்கும் மேல் திரட்டி வெளியிட்டது. அவற்றில் எதிரணி வேட்பாளர் கொன்சாலஸுக்குச் சுமார் 67, மதுரோவுக்குச் சுமார் 30 விழுக்காடு. 100-இல் 83 கையில் இருப்பதாகக் கொண்டால் கொன்சாலஸுக்கு 55-க்கு மேல், மதுரோவுக்கு 25. கையில் இல்லாத 17-ஐயும் முழுக்க மதுரோவுக்கே கொடுங்கள், 42-தான் வருகிறது. தாள்கள் உண்மையானவை என்றால் வேறு முடிவுக்கு வழியில்லை. அங்கே விவாதம் முழுவதும் தாளின் நம்பகத்தன்மைக்கு நகர்ந்தது அதனால்தான்.

இந்தியாவில் நிலைமை கொஞ்சம் வேறு. வாக்கு எண்ணிக்கை சாவடியில் நடப்பதில்லை, இயந்திரங்கள் பாதுகாப்பு அறைக்குப் போய் நாட்கணக்கில், சில கட்டங்களில் வாரக்கணக்கில் இருந்துவிட்டு எண்ணும் மையத்துக்கு வருகின்றன. ஆகவே சங்கிலியில் இரண்டு கண்ணிகள். முதலாவது வாக்குப்பதிவு நாள் மாலையில் வரும், சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கைச் சொல்லும் படிவம் 17சி-யின் முதல் பகுதி. அதில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியின் எண், வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டின்படி வாக்காளர் எண்ணிக்கை, வாக்களிக்க மறுத்தவர், அனுமதிக்கப்படாதவர், இயந்திரம் காட்டும் மொத்தம், காகித முத்திரை எண்கள் எல்லாம் உண்டு. பதிவேட்டு எண்ணிக்கையில் மறுத்தவரையும் அனுமதிக்கப்படாதவரையும் கழித்தால் இயந்திர மொத்தம் வர வேண்டும். 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 49எஸ் விதிப்படி, வாக்குப்பதிவு முடியும்போது அங்கிருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் இதன் சான்றளித்த நகலைத் தலைமை அலுவலர் தர வேண்டும். 'அங்கிருக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஐந்து மணிக்கே கிளம்பிவிட்ட முகவருக்கு நகல் கிடையாது. கட்சிகளின் கையில் 17சி முழுதாக இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் சதி காரணமில்லை, சீக்கிரம் வீடு திரும்பியதுதான் காரணம்.

இரண்டாவது கண்ணி எண்ணும் மேசை. கருவி எண், முத்திரை எண், மொத்தம் மூன்றையும் 17சி நகலோடு ஒப்பிட்ட பிறகுதான் முடிவுப் பொத்தானை அழுத்தவிட வேண்டும். வேட்பாளர் வாரி எண்கள் 17சி-யின் இரண்டாம் பகுதியில் ஏறும், பின்னர் படிவம் 20-இல் சாவடிவாரியாகத் தொகுக்கப்படும். மூன்றும் பொருந்த வேண்டும். மொத்தம் 50 அல்லது அதைச் சற்றுத் தாண்டி மிஞ்சினால் காலையில் நடந்த மாதிரி வாக்குப்பதிவை அழிக்க மறந்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், குறைந்தது 50 வாக்குகள் போட்டுப் பார்ப்பது அங்கே நடைமுறை. தபால் வாக்குகள் எந்தச் சாவடித் தாளிலும் இருக்காது, அதைச் சேர்க்காமல் 'மொத்தம் உதைக்கிறது' என்று கிளப்பும் பதிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. யாருக்கு வாக்கு விழுந்தது என்று வாக்காளருக்குக் காட்டும் விவிபாட் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுவதைப் பொறுத்தவரை, ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் ஐந்து சாவடிகள் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அது நிராகரித்தது.

இணைக் கணக்கு எதைத் தொடாது என்பதும் முக்கியம். பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டவரை அது கண்டுகொள்ளாது. பணம் வாங்கிப் போட்ட வாக்கும் மிரட்டி வாங்கிய வாக்கும் தாளில் நல்ல வாக்காகவே நிற்கும். எண்ணுவதற்கு முன்பே பெட்டியில் கள்ளச் சீட்டு திணித்திருந்தால் கணக்கு அழகாகப் பொருந்தும். அதற்கு வரிசையில் நின்றவர்களை மணிக்கணக்கில் எண்ணிவைக்கும் பார்வையாளர் வேண்டும். எண்களில் 1-இல் தொடங்குபவையே அதிகம், 9-இல் தொடங்குபவை குறைவு என்னும், இணையத்தில் பிரபலமான 'முதல் இலக்க விதி' சோதனையையும் விட்டுவிடுங்கள். சாவடிகளின் அளவு ஏறத்தாழ ஒன்றுபோலத் திட்டமிடப்படுவதால் சுத்தமான தேர்தலிலும் அந்த விதி பொருந்தாது. நூறு விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவும் தன்னளவில் மோசடி ஆகாது, தேர்தல் பணியாளர்கள் பணிபுரியும் சாவடியிலேயே வாக்களிக்க அனுமதி உள்ள இடங்களில் சிறு சாவடி ஒன்று அப்படித் தாண்டலாம். தவறுகள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் கவனக்குறைவு. ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே கையெழுத்தில், ஒரே தொகுப்பு மையத்தில் குவிந்தால் அப்போது குரல் எழுப்புங்கள்.

வெளியிடும் இரவில் கட்டுப்பாடு தேவை. பாதி மாதிரி வந்ததும் அறிவிக்கும் ஆசையை அடக்க வேண்டும். வித்தியாசம் பிழை வரம்புக்குள் இருந்தால் 'யார் என்று எங்களால் சொல்ல முடியாது' என்று அந்தச் சொற்களிலேயே சொல்ல வேண்டும், தலைப்புக்காக அதை மழுப்பக் கூடாது. தங்களைப் போன்ற நாளிதழ்கள் எந்த அமைப்பின் கணக்கை வெளியிட்டாலும், குலுக்கிய சாவடிகள் எத்தனை, வந்தவை எத்தனை, பிழை வரம்பு என்ன, குலுக்கல் எப்போது நடந்தது என்ற நான்கையும் கேட்டு அதே செய்தியில் அச்சிட வேண்டும். நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அந்தக் கணக்கை உள்பக்கத்துக்குத் தள்ளிவிடலாம்.

இப்படிக்கு,
வாக்குச்சாவடிக் கணக்கு வேலையில் பழக்கமுள்ள வாசகர்கள்